இன்னும் நாலே நாள்

உங்கள் போலீஸ் ஜீப்பின் இடது பின்கதவில் ஒரு ஒடுக்கு இருக்கிறது, ஐயா. உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன். கையகலம்தான், ஆனால் விளிம்பில் பெயிண்ட் வெடித்திருக்கிறது. சீக்கிரம் துரு பிடிக்கும். யாரிடமாவது காட்டுங்கள். வெளியிலிருந்து சுத்தியலால் தட்டுகிறவனிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒடுக்கை உள்ளேயிருந்துதான் தட்டி எடுக்க வேண்டும். நாற்பத்தாறு வருஷம் டிங்கர் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றீர்கள். சரி. மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சணல் சாக்கு என்னுடையதுதான். பாருங்கள், முதல் கேள்விக்கே ஒப்புக்கொண்டுவிட்டேன். மிச்சமெல்லாம் அது எப்படி நனைந்தது என்பதுதான்.

என் பட்டறை வாசலில் ஒரு காலத்தில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். கடைசி லாரிக்காரன் பக்கத்து ஊரில் நின்றுகொண்டு என்னைத் திட்டுவான், அது இங்கே கேட்கும். அப்புறம் புறவழிச்சாலை போட்டார்கள். அதற்குப் பிறகு என் சாலையில் ஒரு நாளைக்கு இரண்டே வண்டி. ஒன்று வழிதவறி வரும், இன்னொன்று அதைத் தேடி வரும். நான் ஓய்வு பெற்றுவிட்டதாக எல்லோருக்கும் அறிவித்தேன். எல்லோரும் என்றால் தபால்காரர். பிறகு தபாலும் நின்றது.

ரேடியோவில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் நான் எழுந்து நின்று பதில் வணக்கம் சொல்வேன். ஒருநாள் அவர் மூச்சுக்கூட விடாமல் நேரே செய்திக்குப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

அந்த நிலையில்தான் கேரவன் வந்தது. வெள்ளை வண்டி, நீளம் ஒரு ரயில் பெட்டி இருக்கும். சரி, பாதிப் பெட்டி. பட்டறைக்கு முன்னால் உள்ள வளைவில் ஒரு கல்தூண் நிற்கிறது. அதில் உரசி, இடது பின்பக்கம் தகடு கிழிந்து தொங்க, முனகிக்கொண்டே என் வாசலில் வந்து நின்றது. அந்தத் தூண் அங்கே எப்படி வந்தது என்று காலையில் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

ஓட்டிவந்தவர் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். மெலிந்த மனிதர், நெஞ்சில் பழைய சளி, பேசும்போது இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு விசில் வரும். இறங்கியதும் அவர் மனைவி என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது: "ஒண்ணும் நெனச்சுக்காதீங்கண்ணா. முப்பது வருஷம் தண்டவாளத்துல போனவரு. வளைவு வந்தா நாமதான் திருப்பணும்னு இவருக்குத் தோணவே இல்ல."

அண்ணா என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், வழியில் பெட்ரோல் போட்டவனையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள். ஆனால் கணக்கைப் பாருங்கள். நான் அண்ணா என்றால் அவள் தங்கச்சி. தங்கச்சி புருஷன் எனக்கு மச்சான். அவர்கள் மகளுக்கு நான் தாய்மாமன். ஒற்றைச் சொல்லில் ஒரு குடும்பமே வாசலில் வந்து இறங்கியது. அதற்காக நான் வாசல் தாண்டி ரொட்டி வாங்கக்கூடப் போகவில்லை.

வீட்டை விற்றுத்தான் அந்த வண்டியை வாங்கியிருந்தார்கள். அவர்களுடைய பாத்திரம், படுக்கை, கல்யாணப் படம் எல்லாம் அதற்குள்தான். மகள் மலையடிவாரத்தில் வறண்ட காற்றுள்ள ஊரில் இருந்தாள். முதல் பிரசவம். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், பேரக்குழந்தையைக் கையில் வாங்க வேண்டும், அந்தக் காற்றில் அவர் நெஞ்சும் சரியாகிவிடும். இதுதான் திட்டம். இன்னும் மூன்று நாள் பயணம் பாக்கி.

கேரவனின் சுவர் லாரித் தகரம் மாதிரி இல்லை, ஐயா. வெளியே ஃபைபர் தகடு, நடுவில் நுரையும் மரச்சட்டமும், உள்ளே மெல்லிய பலகை. கிழிந்த தகட்டை உரித்துவிட்டு, மரம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதுத் தகடு ஒட்ட வேண்டும். ஈரத்தோடு மூடினால் உள்ளுக்குள்ளேயே அழுகும். இது பொய்யில்லை. எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் கேளுங்கள். நான் அவர்களிடம் சொன்னதிலேயே பெரிய உண்மை இதுதான்.

ஈரம் பார்க்க ஒரு மீட்டர் இருக்கிறது. இரண்டு ஊசி, இரண்டு விளக்கு. ஈரமென்றால் சிவப்பு, காய்ந்திருந்தால் பச்சை. மழையோடு வந்து நின்றார்கள், கிழிசல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. மரத்தில் குத்தினேன், சிவப்பு. "நாலு நாள் ஆகும் மச்சான்" என்றேன். மச்சான் என்றதும் அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சிக்னல் விழல. அப்ப நிக்க வேண்டியதுதான்" என்றார்.

அந்த நாலு நாளை எப்படிச் சொல்வது. அவள் என் அடுப்பைத் துடைத்தாள். அடுப்புக்கு அடியில் இன்னொரு அடுப்பு இருந்த மாதிரி அத்தனை அழுக்கு வந்தது. மாலையில் மூன்று பேரும் சீட்டாடினோம். மச்சான் வெட்கமே இல்லாமல் கள்ளாட்டம் ஆடுவார், பிடித்தால் இருமல் வந்த மாதிரி நடிப்பார். "இருமுறத நிறுத்திட்டு அந்த ராணிய எடுத்துக் கீழ வைங்க" என்பாள் தங்கச்சி. நான் சிரித்து எத்தனை வருஷம் என்று விரல்விட்டு எண்ணினேன். கால்விரலும் தேவைப்பட்டது.

நாலாம் நாள் விடியற்காலையில் மீட்டரை வைத்தேன். பச்சை.

மதியம் தகட்டை ஒட்டினால் மறுநாள் கிளம்பிவிடுவார்கள். நல்ல வேலைக்காரன் அதைத்தான் செய்வான். நான் கைகழுவத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போனேன். சாக்கு அங்கே கிடந்தது. நான் தேடிப் போகவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அதை நனைத்தேன், பிழிந்தும் பிழியாமலும் கொண்டுவந்து, திறந்த சுவருக்குப் போட்டிருந்த தார்ப்பாயை விலக்கி, மரச்சட்டத்துக்கும் நுரைக்கும் நடுவில் செருகினேன். தேநீர் கொதிப்பதற்குள் உருவிவிட்டேன்.

மச்சான் போர்வையோடு இறங்கிவந்து, "சிக்னல் என்னாச்சு?" என்றார்.

மீட்டரைக் காட்டினேன். சிவப்பு. "இன்னும் நாலே நாள்" என்றேன்.

நாற்பது நாள் என்று சொல்லியிருந்தால் வண்டியை விட்டுவிட்டு வேறு எதிலாவது ஏறிப் போயிருப்பார்கள். நாலு நாளுக்காக யார் அப்படிப் போவார்கள். நாலு நாள் என்று பத்து முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் அது சின்ன விஷயமாகத்தான் இருந்தது.

பதினேழாம் நாள் குழந்தை பிறந்தது. பெண். போனில் அழுகைச் சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். மச்சான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. "நான் வந்துட்டே இருக்கேன்னு சொல்லும்மா அவகிட்ட. சிக்னல்ல நிக்கிறேன்னு சொல்லு" என்றார். தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு போன் என் கைக்கு வந்தது. மகள் என்னை மாமா என்றாள். "சீக்கிரம் அனுப்பி வைங்க மாமா, அப்பாவுக்கு ஈரம் ஒத்துக்காது" என்றாள். அவ்வளவு அழகான குரல். நான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தானே இருந்தது என்று. ஆமாம். அவர் தலைமாடு அங்கேதான். என் அறையில் வந்து படுக்கச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன், ஆனால் அது மாடியில், இருபத்திரண்டு படி. அவர் நாலாவது படியில் உட்கார்ந்து, "இது எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார். இறக்கிவிட்டோம்.

இருபதாம் நாளுக்கு மேல் தலையணைக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் வந்தன. முதலில் மிளகு தூவிய மாதிரி, பிறகு உள்ளங்கை அளவு, பிறகு ஒரு தேசத்தின் வரைபடம் மாதிரி. தங்கச்சி மூக்கைச் சுளித்தாள். "அண்ணா, ஏதோ வாடை வருதே." அவள் பயப்படக்கூடாதே என்று அன்றைக்கே பூப்போட்ட காகிதம் வாங்கிவந்து அதன்மேல் ஒட்டினேன். ஒரு மடிப்பு விழாமல் ஒட்டினேன், ஐயா. வேலையில் நான் எப்போதும் குறை வைத்ததில்லை. காலையில் நனைத்ததை மாலையில் அழகாக மூடினேன்.

இருமல் கள்ளாட்டத்துக்கான இருமலாக இல்லாமல் போனது. முப்பதாம் நாள் நானே டாக்டரை அழைத்துவந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நானே அழைத்துவந்தேன். அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு வெளியே வந்து, "வண்டிக்குள்ள ஈரம் ஏதாவது இருக்கா? இருந்தா இன்னைக்கே எடம் மாத்துங்க. அந்த நெஞ்சு தாங்காது" என்றார்.

மீட்டர் என் பையில் இருந்தது. வலதுபக்கச் சுவரில் குத்திக் காட்டினேன். அந்தப் பக்கம் ஒன்றும் ஆகவில்லையே. பச்சை. "பாருங்க டாக்டர், எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு" என்றேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

மறுநாள் விடியற்காலையில் சாக்கைச் செருகினேனா என்றால், செருகினேன். அதற்கடுத்த நாளும். அதற்குள் அது பல் துலக்குகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் மதியம் மச்சானுக்கு விசில் மட்டும்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. தங்கச்சி வெந்நீர் வைக்க இறங்கினாள். நான் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர் என் சட்டைப் பையைத் தொட்டார். மீட்டரைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. எட்டி வலதுபக்கச் சுவரில் குத்தி, அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"பச்சை மச்சான்" என்றேன். "போகலாம்."

போனார். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருந்தால் இந்தக் கேள்விகளில் பாதியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

காரியமெல்லாம் நான்தான் ஓடி ஓடிச் செய்தேன். பச்சை உடம்புக்காரி, மகளால் வர முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் தங்கச்சி என் பட்டறைக்குள் வந்து கை நீட்டினாள். "அந்த மீட்டரக் குடுங்கண்ணா."

கொடுத்தேன். வலதுபக்கச் சுவரில் குத்தினாள், பச்சை. கூரையில், பச்சை. தரையில், பச்சை. தார்ப்பாயை விலக்கிக் கட்டில் பக்கத்து மரத்தில் குத்தினாள். சிவப்பு.

"நீங்க வண்டியப் பிரிச்ச நாள்லேருந்து மழையே பேயலையேண்ணா."

"மண்ணுல இருக்கிற ஈரம் ஏறும் தங்கச்சி" என்றேன்.

"வண்டி டயர் மேல நிக்குது" என்றாள்.

குனிந்து சட்டத்துக்குள் கைவிட்டாள். அன்றைக்கு என்னவோ உருவ மறந்துவிட்டேன், வேலைகள் அப்படி. சாக்கை வெளியே இழுத்தாள். அது சொட்டியது. அதை ஒருமுறை முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் முழங்கை வழியாக ஓடியது. "அவர்தான் போயிட்டாரே" என்றாள். "இன்னைக்கு யாருக்கு?"

அந்தக் கேள்விக்கான பதிலை இப்போது சொல்கிறேன். அவளுக்குத்தான். மச்சான் போன பிறகு அவளும் போய்விட்டால் சீட்டை யாரோடு ஆடுவது. இரண்டு பேர் ஆடுகிற ஆட்டமும் இருக்கிறது. சொல்லிக்கொடுத்திருப்பேன்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று நினைத்திருந்தேன். மச்சானுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவள்தானாம். சாக்கைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். தகடில்லாத பக்கத்தில் தார்ப்பாய் படபடக்க, ஒரே வெட்டில் வளைவைத் திருப்பினாள். கல்தூணில் ஒரு நூல்கூட உரசவில்லை. நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். சாக்கைக் கொடுத்துவிட்டு மகளிடம் போய்க்கொண்டிருக்கிறாள் என்று வெளியே உங்கள் ஆட்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

தூண். மறக்கவில்லை. அது சாலைக்காரர்கள் நட்டதில்லை, நான் நட்டது. புறவழிச்சாலை வந்த வருஷம் ஓரமாகத்தான் நட்டேன். பிறகு வருஷத்துக்கு ஒரு சாண் உள்ளே நகர்த்தினேன். யாரும் நின்று பேசாமல் போகிறார்களே என்றுதான். இல்லாவிட்டால் அவர்களுக்கு என்னைத் தெரிந்தே இருக்காது. அதையும் யோசித்துப் பாருங்கள்.

ஆகவே ஆமாம். தூணை நட்டவன் நான். சுவரை நனைத்தவன் நான். டாக்டர் சொன்ன பிறகும், அந்த நெஞ்சு தாங்காது என்று தெரிந்தே, எட்டு நாள் நனைத்தேன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் ஐயா, முதலில் அந்த ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பாருங்கள். வடக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. நாற்பது நாள் பெய்யாத மழை. அவள் அந்தப் பக்கம்தான் போகிறாள், சுவர் திறந்து கிடக்கிறது, தார்ப்பாயை நான் இறுக்கிக் கட்டவில்லை. யாரையாவது அனுப்பி வண்டியை மறித்து என் பட்டறைக்குத் திருப்பச் சொல்லுங்கள். தகடு தயாராக இருக்கிறது, நாலே நாளில் முடித்துவிடுவேன். அந்தக் கட்டிலில்தான் அவள் படுக்க வேண்டும். ஈரம் உடம்புக்கு ஆகாது.