சும்மா நாள்

விடுமுறைக்குப் போகிறவர்கள் தேவைக்கு மேல் செருப்பு எடுத்துக்கொள்கிறார்கள். பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் ஆறு வருடம் திட்டம் போட்டவன் என்பதால் சொல்கிறேன். என் மனைவி நான்கு ஜோடி எடுத்தாள். இரண்டு போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. எங்களுக்குள் சண்டை என்று எதுவும் கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்தீர்கள் என்று தெரியும். அவர்களும் இதையே சொல்லியிருப்பார்கள்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

முதலில் என் வேலை. ஒருவர் வந்து, பத்து நாள் இருக்கிறது, கடல், காடு, மிருகங்கள், மலை எல்லாம் பார்க்க வேண்டும் என்பார். இவை எல்லாம் உள்ள நாடுகள் சில உண்டு. எதற்குப் பின் எது என்று அடுக்கித் தருவது என் பொறுப்பு. அதில் ஒரு விதி இருக்கிறது. மிக உயரமான இடத்துக்கு ஏறுவதற்கு முந்தைய நாள், பாதி உயரத்தில் உள்ள ஊரில் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். காற்று குறைவதற்கு உடம்பு பழக வேண்டும். நேரே ஏறினால் பலருக்குத் தலைவலியோடு போய்விடும். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

அலுவலகத்தில் அதற்குச் 'சும்மா நாள்' என்று பெயர். திட்டத்தில் அப்படியே அச்சடிப்போம். வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்காது. "லீவு போட்டுட்டு வந்து ரூம்ல உக்காரவா?" என்பார்கள். எங்கள் மேனேஜர் அம்மா கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "மலை எங்கயும் ஓடிடாது சார். நாளைக்கும் அங்கதான் இருக்கும். நீங்களும் இருக்கணும்ல?"

இந்தப் பயணம் என் மனைவியின் ஆசை. கல்யாணமான புதிதில் ஒரு சின்ன மலைக்குப் போய், இரண்டாம் நாளே அவளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. உயரம் இவளுக்கு ஆகாது, போனால் படிப்படியாகப் போங்கள் என்று டாக்டர் சொன்னார். அதனால் இந்த முறை மலை வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். ஆனால் அவள் பார்க்க வேண்டிய விலங்குகள், பறவைகள் என்று பன்னிரண்டு பெயர்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். பன்னிரண்டாவது பூநாரை. அந்த நாட்டில் அது நாலாயிரம் மீட்டருக்கு மேலே ஓர் உப்பு ஏரியில்தான் நிற்கும்.

"அதுங்க எதுக்குங்க அவ்ளோ உயரத்துல போய் நிக்குதுங்க?"

"சும்மா" என்றேன். அவள் சிரித்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டே தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். குளியலறை ஜன்னல் பால்கனிப் பக்கம் திறக்கும்.

"ட்ரிப் முடியட்டும்க்கா. ஆசை ஆசையா பிளான் போட்டுட்டிருக்காரு, பாவம். வந்ததும் சொல்லிட்டு ஒரேயடியா உன் வீட்டுக்கு வந்துடறேன். சேச்சே, கை நீட்டறதெல்லாம் இல்லக்கா. கூட இருந்தா மூச்சு முட்டுது, அவ்வளவுதான்."

முகத்தைக் கழுவிவிட்டு அலுவலகம் போனேன். சனிக்கிழமை பாதி நாள்தான். எல்லோரும் போன பிறகு மதியம் உட்கார்ந்து எங்கள் திட்டத்தை முடித்து அச்சடித்தேன். ஒரு தாளை அன்று மாலையே அவளிடம் கொடுத்தேன். ஆறாம் நாளுக்கு நேராக 'சும்மா நாள்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, அதன் கீழே பென்சிலால் 'நல்லா தூங்கணும்' என்று எழுதிக்கொண்டாள். பின்பக்கம் பன்னிரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டாள்.

முதல் ஐந்து நாட்கள் நன்றாக இருந்தன. கடற்கரையில் ஆமையும் கடல்சிங்கமும் பார்த்தோம். காட்டில் குரங்குகள். புல்வெளியில் ஓர் எறும்புத்தின்னி வண்டிக்கு முன்னால் சாவகாசமாகச் சாலையைக் கடந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் டிக் போட்டாள். ஐந்தாம் நாள் மாலை, பதினொன்று முடிந்தபோது, "நீங்க நல்லவருங்க. அது எனக்குத் தெரியும்" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆறாம் நாள் வண்டி அந்தப் பாதி உயரத்து ஊரில் நிற்காமல் போனது. அவள் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னிக்கு இங்க சும்மா நாளாச்சே?"

"ரூம் கிடைக்கல. மேல போய் இருந்துக்கலாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, எங்க இருந்தா என்ன. சும்மா இருக்கறது சும்மா இருக்கறதுதானே."

என் தொழிலில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது. கீழே சும்மா இருப்பதும் மேலே சும்மா இருப்பதும் ஒன்றல்ல. புது வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லித் தருவதே அதைத்தான்.

"ஆமா" என்றேன்.

அன்று மாலையே தலைவலி வந்தது. ஏழாம் நாள் காலை வாந்தி, இருமல், உதட்டில் லேசான நீலம். ஓட்டுநர் அறை வாசல் வரை வந்து பார்த்தார். அவர் மொழி அவளுக்குத் தெரியாது. எனக்கு வேலை நிமித்தமாகக் கொஞ்சம் தெரியும். உடனே கீழே கொண்டுபோக வேண்டும், இரண்டு மணி நேரம் இறங்கினால் போதும், வண்டி தயாராக இருக்கிறது என்றார்.

"என்னவாம்?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள்.

"வெயில் நல்லா அடிக்குதாம். ஏரிக்குப் போலாமாங்கறார்."

"நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு மூச்சு முட்டுது."

அந்த வார்த்தையை அவள் ஏற்கெனவே சொல்லிக் கேட்டிருந்ததால் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. அவளுக்கு இது வழக்கம்தான், தூங்கினால் சரியாகிவிடும் என்று ஓட்டுநரிடம் சொன்னேன். ஏரிக்குப் போனேன். பூநாரைகள் முந்நூறுக்குக் குறையாமல் இருந்தன. ஒரு மணி நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது அவள் கண்ணைத் திறக்கவில்லை. பன்னிரண்டாவது டிக்கை நான் போட்டேன். பென்சில் எங்கே என்று தெரியவில்லை, பேனாவால் போட்டேன்.

எட்டாம் நாள் காலை அவள் இல்லை.

ஊருக்கு வந்த பிறகு அவள் அக்கா பத்து நாள் எங்கள் வீட்டில் இருந்தார். "தம்பி, கொஞ்சமாவது சாப்பிடுங்க" என்று என் எதிரே தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பதினோராம் நாள் பெட்டியைத் திறந்து செருப்புகளை வெளியே வைத்தார். அடியில் அந்தத் தாள் இருந்தது.

"பன்னெண்டாவது மட்டும் ஏன் தம்பி பேனால இருக்கு? அதைப் பாத்தாளா?"

"பாத்த மாதிரிதான்" என்றேன்.

அவர் தாளைத் திருப்பினார். ஆறாம் நாளைப் படித்தார். அன்றைக்கே மேலே போய்விட்டோம் என்று நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். என்னை ஏறிட்டுப் பார்த்தார். செருப்புகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறார்.

இப்போது உங்களிடம் இரண்டு தாள்கள் இருக்கின்றன. அவளிடம் நான் கொடுத்தது ஒன்று. ஓட்டுநருக்கு நான் முன்கூட்டியே அனுப்பி, நீங்கள் அவரிடமிருந்து வரவழைத்தது இன்னொன்று. இரண்டையும் அந்தச் சனிக்கிழமை மதியம்தான் அச்சடித்தேன். அறை கிடைக்கவில்லை என்பது பொய். நான் கேட்கவே இல்லை.

உங்கள் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. ஓட்டுநரின் தாளில் நான் சும்மா நாளை எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடத்தில் எந்தத் திட்டத்திலிருந்தும் நான் அதை எடுத்ததில்லை. மறுபடி பாருங்கள். எட்டாம் நாளுக்கு நகர்த்தியிருக்கிறேன். ஆஸ்பத்திரி, காவல் நிலையம், தூதரகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாள் போதும் என்று நினைத்தேன். இரண்டு நாள் ஆகிவிட்டது.

அது என் தவறுதான்.