கட்டு சரிந்து விழவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவுக்கும், கொட்டகைப் பெண்கள் சங்கத் தலைவி அவர்களுக்கும், அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் அத்தைகளுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். நம் ஆய்வுக் குழுவில் படிவம் எழுதியவள் நான்தான். ஊசியக்காவைப் பற்றிப் பேச எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அவருக்கு ஏன் ஊசியக்கா என்று பெயர்? பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகைக்கு வரும் மூட்டைகளில் ஆஸ்பத்திரி ஊசிகளும் கிடக்கும். உங்கள் கைகளில் குத்திய ஊசிகளையெல்லாம் ஒரு பாட்டிலில் சேர்த்தவர் அவர். ஒரே வருடத்தில் இருநூற்றுக்கு மேல். ஒரு நாள் நேராகப் போய், முதலாளியின் மேசையில் டீ டம்ளருக்குப் பக்கத்தில் அத்தனையையும் கொட்டினார். மறுவாரம் நமக்குக் கையுறை வந்ததா, இல்லையா?

டாக்டரம்மா உடல்நல ஆய்வுக்கு வந்தபோது நாம் எல்லாரும் ஒதுங்கி நின்றோம். நம்மைச் சிரிக்க வைத்து உட்கார வைத்தது யார்? ஊசியக்கா. "இத்தனை நாளா மாமியாருங்கதான் நம்மள ஆராய்ச்சி பண்ணாங்க. இனிமே நாமளே பண்ணிக்கலாம், வாங்கடி" என்றார். டாக்டரம்மா இருமல், தோல் புண், மூச்சிரைப்பு என்று பத்துக் கேள்விகள் வைத்திருந்தார். ஊசியக்கா பதினொன்றாவது ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். உன்னை யார் அடித்தார்கள், எதை வைத்து, எங்கே? இது நோய் பற்றிய கேள்வி இல்லையே என்று டாக்டரம்மா தயங்கினார்.

"எட்டுப் பேருக்குக் கை ஒடிஞ்சிருக்கு டாக்டரம்மா. தூசியா வந்து ஒடிச்சுது?"

நாற்பத்தாறு பேரைக் கேட்டோம். முப்பத்தொரு பேர் அடி வாங்கியிருந்தார்கள். பெல்ட். விறகுக்கட்டை. பிரேக் வயர். கொதிக்கிற தண்ணீர். சிலர் சொல்லும்போதே சிரித்தார்கள். சிலர் முதுகைத் திருப்பிக் காட்டினார்கள். நான் எழுதினேன்.

நம் ஆய்வில் ஒரு விதி உண்டு. கண்டுபிடித்ததை வெளியே சொல்லும் முன் நமக்கே வாசித்துக் காட்ட வேண்டும். யார் பெயரும் இருக்கக் கூடாது. நான்தான் பெரிய தாளில் எழுதி, வாசித்து, கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். பெயர் எழுதவில்லை. ஆனால் ஒரு வரியில் "இடது காது கேட்காதவர், மேஸ்திரி, இரும்புக் குழாய்" என்று எழுதினேன். நம் கொட்டகையில் இடது காது கேட்காதவர்கள் எத்தனை பேர்? ஒரே ஒருத்தி. என் அம்மா.

கொட்டகையைப் பூட்டிய பிறகுதான் ஊசியக்காவுக்கு அது உறைத்தது. எங்கள் வீட்டுக்கே வந்தார். திட்டவில்லை. காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் வரச் சொன்னார். அந்த வரியின் மேல் வேறு தாள் ஒட்டிவிடலாம் என்றார்.

ஏழு மணிக்குப் பசை டப்பாவோடு போனேன். நம்மை வேலை வாங்கும் கொட்டகை மேஸ்திரி எனக்கு முன்பே அந்த வரியை வாசித்துவிட்டிருந்தார். அம்மா குனிந்து மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரும்புக் குழாயோடு அவளுடைய இடது பக்கமாக வந்தார். அவளுக்கு எப்படிக் கேட்கும்? ஊசியக்கா ஓடிவந்து நடுவில் நின்றார். முதல் அடியில் அவர் தூக்கிய கை முறிந்தது. அந்தச் சத்தம் நான் நின்ற வாசல் வரை கேட்டது. இரண்டாவது அடி நெற்றிப்பொட்டில். மூன்றாவது, அவர் கீழே விழுந்த பிறகு. கழுவி அடுக்கிய பால் கவர்கள் மேல் இரத்தம் ஓடியது. மேஸ்திரி குழாயை ஒரு சாக்கில் துடைத்தார்.

"கட்டு சரிஞ்சு விழுந்துடுச்சு. யார் கேட்டாலும் இதான். புரியுதா?"

குரலைக்கூட உயர்த்தவில்லை. போலீஸ் தாளிலும் அதுதான் இருக்கிறது. பிளாஸ்டிக் கட்டு சரிந்து மரணம். பார்த்தவர்கள் பன்னிரண்டு பேர் அதற்குக் கைநாட்டு வைத்திருக்கிறீர்கள். இங்கே ஊசியக்கா படத்துக்குக் கீழே இருக்கிற பெரிய மலர்வளையம் மேஸ்திரி அனுப்பியது.

கட்டு சரிந்து விழவில்லை. நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள்.

அடித்தது மேஸ்திரி. ஆள் யாரென்று காட்டிக்கொடுத்தது என் எழுத்து. அதை நான் மறைக்கப் போவதில்லை. அடுத்த கொட்டகையில் இன்னும் ஐம்பது பெண்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. யாரையும் காட்டிக்கொடுக்காமல் எழுதக் கற்றுக்கொள்வேன்; எழுதுவேன். ஊசியக்கா சேர்த்த கேள்வியை ஒருபோதும் எடுக்க மாட்டோம்.

நாளை காலை பத்து மணிக்கு நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். டாக்டரம்மா கூட வருவதாகச் சொன்னார். அவர் வந்தால், வெளியாள் தூண்டிவிட்டாள் என்று முடித்துவிடுவார்கள். பார்த்தவர்கள்தான் வர வேண்டும்.

இப்போது அஞ்சலிக்காக எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். நாளை என்னோடு வருகிறவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருங்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அம்மா, அந்தப் போலீஸ் தாளில் முதல் கைநாட்டு உன்னுடையது. முதலில் நீ எழுந்திரும்மா.