சாமி விளக்கை அணைக்கச் சொன்ன கபிரியேல் அண்ணனுக்கு

பெட்டாலிங் ஜெயா குமரப்பன் மோட்டார் பட்டறையில் தலைமை மெக்கானிக்காகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திரு. கபிரியேல் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்

இருமும் எஞ்சினின் ஏக்கம் அறிந்தவரே! கரி படிந்த கையும் கறை படியாத சொல்லும் கொண்ட கண்ணியமானவரே! கோபம் வந்தால் ஸ்பேனரை ஓசையில்லாமல் கீழே வைத்து, அந்த அமைதியாலேயே எங்களை நடுங்க வைக்கும் நல்லவரே! வணக்கம்.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, தந்தையார் போன தண்டவாள வழியை விட்டுத் தார்ச்சாலை வழியைத் தேர்ந்து, எழுபத்திரண்டாம் ஆண்டில் இப்பட்டறையின் வாசல் மிதித்தீர்கள். அன்று இங்கே இருந்தவை ஒரு ஜாக்கியும் முதலாளி குமரப்பன் அவர்களின் நம்பிக்கையும்தான் என்று முதலாளியே சொல்லக் கேட்டிருக்கிறோம். ஜாக்கி களவு போயிற்று, நம்பிக்கை நிலைத்தது.

வாடிக்கையாளர் சொல்வதை முழுவதும் கேட்பீர்கள். கேட்ட பிறகு எதையும் நம்பமாட்டீர்கள். பால் விடாத கோப்பி ஓ ஆறும்வரை குனிந்த தலை நிமிரமாட்டீர்கள். நிமிர்ந்ததும், ஆறிவிட்டதே என்று எங்களைக் கடிந்துகொள்வீர்கள். கார்புரேட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, தங்கள் வயதுக்காரர் பலர் இனி நமக்கு வேலையில்லை என்று கைகழுவினர். தாங்களோ மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வோல்ட் பார்க்கும் மீட்டரைக் கையில் எடுத்தீர்கள்.

தங்கள் பெருமைகளைப் பட்டியலிட்டால் விருந்துச் சோறு ஆறிவிடும். ஆகவே தொண்ணூற்றாறாம் ஆண்டில் நடந்த ஒன்றை மட்டும் இச்சபையில் சொல்கிறோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதலாளியிடம் அனுமதி பெற்றே சொல்கிறோம்.

கிள்ளானில் ஜவுளிக் கடை நடத்தும் சீதாலெட்சுமி அம்மையார் புதுக் கார் வாங்கிய நேரம் அது. புதுக் கார் எடுக்கும் வாடிக்கையாளருக்கு டேஷ்போர்டில் சிறு பீடம் வைத்து, சாமி படத்துக்குச் சிவப்பு விளக்கு போட்டுத் தருவது நம் பட்டறையின் வழக்கம். அதை முதலாளி தம் கையாலேயே செய்வார். வேறு யாரும் தொடக் கூடாது. அப்படி விளக்கேறிய அந்தக் கார், சில நாளிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையின் நடுவில் திணறி நின்றது. பின்னால் வந்த லோரி மயிரிழையில் விலகியது.

புகைக்குழாயில் இருந்து புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது ஆக்சிஜன் சென்சார். அதன் வோல்ட் உயர்ந்தால், பெட்ரோல் கூடிவிட்டது என்று நம்பிக் கம்ப்யூட்டர் அதைக் குறைக்கும். கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்த குறை, சென்சாரின் வோல்ட் உயர்ந்தது என்பதே. நம் தோழர் பழனியப்பன் சென்சாரை மாற்றினார். பட்டறையில் ஓட்டிப் பார்த்தால் குதிரை மாதிரி ஓடியது. அம்மையார் எடுத்துப் போனால் பாதி வழியில் நின்றது. மறுபடி மாற்றினார், மறுபடி நின்றது.

முதலாளிக்குப் பொறுமை போயிற்று. "ரெண்டு தடவ மாத்தியும் காடி நடுரோட்ல நிக்குது. நாளைக்கு ஒரு உசுரு போனா யாரு பதில் சொல்றது? இந்த மாசத்தோட நீ வேற எடம் பாத்துக்க லா, பழனி," என்றார். பழனியப்பன் அப்போதுதான் செமினியில் வாடகை வீடு பிடித்து, நிறைமாத மனைவியைக் குடிவைத்திருந்தார். தம் சாமான்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் தாங்கள் ஸ்பேனரை ஓசையில்லாமல் கீழே வைத்தீர்கள்.

சென்சாரைக் கழற்றிப் பழனியப்பன் கையில் கொடுத்தீர்கள். கம்ப்யூட்டருக்குப் போகும் கம்பியில் மீட்டரை வைத்தீர்கள். அரை வோல்ட்டுகூட இல்லை. பிறகு அம்மையாரை அழைத்து, "வீட்ல இருந்து கெளம்பும்போது என்னென்ன செய்வீங்களோ, ஒண்ணு விடாம அப்படியே செய்யுங்கம்மா," என்றீர்கள். அவர் செருப்பைக் கழற்றினார். சாவியைத் திருகினார். கைகூப்பிச் சாமி விளக்கைப் போட்டார். மீட்டர் மூன்று வோல்ட்டைத் தாண்டியது. ஒரு வோல்ட்டுக்கு மேல் தர இயலாத அந்தச் சென்சார், அப்போது பழனியப்பனின் உள்ளங்கையில் சும்மா கிடந்தது.

பட்டறையில் ஓட்டிப் பார்த்தபோது சாமி விளக்கைப் போட்டுச் சோதிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும் துணிவு வந்திருக்காது. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகும் கத்தோலிக்கரான தாங்கள், திருநீறணிந்த முதலாளியிடம் அதைச் சொல்லவேண்டி வந்தது.

"பாஸ், அந்த வெளக்க அணைக்கணும்."

"அது நான் போட்டது, கபிரியேல்."

"தெரியும் பாஸ். சாமி மேல குத்தமில்ல. பீடத்த முடுக்குன திருகாணி, அடியில போற கம்பியக் கடிச்சிருக்கும். வெளக்கோட கரண்ட் சென்சார் கம்பிக்குள்ள போவுது. பழனி போட்டது ரெண்டுமே நல்ல சென்சாருதான். அவன அனுப்பணும்னா என்னையும் சேத்து அனுப்பிடுங்க."

உரத்துச் சொல்லவில்லை. எண்ணெய் மாற்றவேண்டும் என்று சொல்லும் அதே குரலில் சொன்னீர்கள்.

முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தாமே படுத்தார். வெகு நேரம் எழுந்து வரவில்லை. பிறகு உள்ளிருந்தே, "பழனி, டார்ச்சப் புடி. ஒஞ் சாமான எல்லாம் பெட்டியில இருந்து எடுத்து வெளிய வை," என்றார். தவறை ஒப்புக்கொள்ள அவருக்கு அதற்கு மேல் சொல் வேண்டியிருக்கவில்லை. வேலை முடியும்வரை அம்மையார் சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். புதுக் கம்பியும் தனி ஃபியூஸும் போட்ட பிறகு, விளக்கும் எரிந்தது. காரும் கிள்ளான் போய்ச் சேர்ந்தது. இன்றும் ஓடுகிறது. இன்றும் சாமி விளக்கை முதலாளிதான் போடுகிறார். ஆனால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் சாவியைக் கொடுப்பதில்லை.

அண்ணே, அறிவுக்காக மட்டும் தங்களைப் புகழ்ந்தால் அது பாதிப் புகழ்தான். குறை எங்கே என்று கண்டபின், அது யார் கைவேலை என்று பார்த்துத் தாங்கள் வாயை மூடிக்கொள்ளவில்லை. ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து, பல பட்டறைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் இந்த ஆண்டிலும், நம் பட்டறையில் ஒருவரும் வேலை இழக்கவில்லை. அன்று தாங்கள் பேசியதை முதலாளி மறக்கவில்லை என்பதே எங்கள் நம்பிக்கை.

துணைவியார் உர்சுலா அக்காவோடு உடல் நலமும் உள்ளக் களிப்புமாய், சூடான கோப்பியைச் சூடாகவே குடிக்கும் ஓய்வோடு, பேரப்பிள்ளைகள் புடைசூழப் பல்லாண்டு வாழ்க! தெருவில் போகும் கார்களின் ஓசையைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருக்கும் வரத்தையும் இறைவன் தங்களுக்கு அருள்க!

இம்மடலை இதுவரை வாசித்தவர் பழனியப்பன். வேண்டாம் என்றுதான் முதலில் எங்களிடம் சொன்னார். "பாதியில அழுதுடுவேண்ணே," என்றார். தங்கள் இடத்தில் திங்கட்கிழமை நிற்கப்போகிறவர் அவர்தான் என்று முதலாளி சொன்ன பிறகே தாளைக் கையில் வாங்கினார். அன்று வயிற்றிலிருந்த குழந்தையும் தாயும் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள். அவர் குரல் எங்கேனும் தடுமாறியிருந்தால் பொறுத்தருள்க.

அன்பு மாறாத,
குமரப்பன் மோட்டார் பட்டறைத் தோழர்கள்
பெட்டாலிங் ஜெயா, 1998