தண்ணி இறங்கட்டும்

தோலா: விளக்கை இப்படிக் காட்டு புள்ள. தலையை இன்னொரு தடவை பாத்துக்கறேன்.

சுரைதா: நான் பாத்துட்டேன் அண்ணே. என் முக்காட்டை ரெண்டா மடிச்சுக் கட்டியிருக்கேன். ரத்தம் நின்னுருச்சு.

ரம்லி: எங்க நின்னுச்சு? காதுக்குள்ள வெதுவெதுன்னு ஓடுது.

தோலா: நீ பேசாம படு மாப்ளே.

ரம்லி: பேசாம படுத்தா, தூங்காதேன்னு இவ கன்னத்துல தட்டுறா. பேசினா நீ அதட்டுறே. அண்ணனும் தங்கச்சியும் முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க.

சுரைதா: வலிக்குதா?

ரம்லி: சிரிச்சா வலிக்குது.

தோலா: அப்ப சிரிக்காதே.

ரம்லி: உன் மூஞ்சியை வச்சுக்கிட்டு நீ அதைச் சொல்றே பாரு மச்சான்...

சுரைதா: அய்யோ, ஆட்டாதீங்க தலையை! அண்ணே, குகை வாய் வரைக்கும் போனியே... என்ன ஆச்சு?

தோலா: மூடிருச்சு.

சுரைதா: சுத்தமாவா?

தோலா: கூரையைத் தண்ணி தொட்டுருச்சு. விரல் நுழைய இடமில்ல.

சுரைதா: எப்பத் திறக்கும்?

தோலா: பத்தரை வரைக்கும் ஏறும். அப்புறம் இறங்கணும்... கயாக் படகுல படுத்துக்கிட்டு வெளிய போற அளவுக்கு இடம் விட ஒன்னரை ஆயிரும்.

சுரைதா: இப்ப மணி?

தோலா: எட்டு.

சுரைதா: அஞ்சரை மணி நேரம்! இவரை வச்சுக்கிட்டா? போன்?

தோலா: இந்தத் தீவு வயித்துக்குள்ள எந்த சிக்னல் வரும்? சுத்தி நூறு மீட்டர் பாறை. மேல அந்த ஓட்டை, அவ்வளவுதான்.

ரம்லி: நல்ல அறைதானே மச்சான். பகல்ல வெள்ளைக்காரங்களைக் கூட்டிட்டு வந்தா, 'ஆ'ன்னு வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பாங்க. ராத்திரி தங்க யாருக்கும் கிடைச்சதில்ல. நமக்கு சும்மா கிடைச்சிருக்கு.

சுரைதா: உங்களுக்கு இந்த நேரத்திலயும் கேலி.

ரம்லி: பை இருக்கா?

தோலா: இருக்கு. இங்கதான், என் காலுக்கு நடுவுல. சர்க்கரை ஊசி எல்லாம் டப்பாவுல காஞ்சபடியே இருக்கு.

ரம்லி: அப்ப சரி. நாம கூட்டிட்டு வந்த அந்த வெள்ளைக்காரம்மா காலையில சாப்பிடறதுக்கு முன்னாடி போட்டுக்கணுமாம். இல்லாட்டி மயங்கிருவாங்களாம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாங்க பாவம்.

சுரைதா: எல்லாம் என்னால. பை இருந்த அவங்க கயாக்கை நான் கயித்துல கட்டியிருக்கணும். அடுப்புல கொழம்பு கொதிக்குதேன்னு மணல்ல இழுத்துப் போட்டுட்டு ஓடிட்டேன்.

தோலா: நானும்தான் பாத்தேன். மணல்ல கிடக்கே, போதும்னு விட்டேன். அமாவாசைத் தண்ணின்னு எனக்குத் தெரியாதா? எங்கே வரைக்கும் ஏறும்னு தெரியாதா?

சுரைதா: அது மிதந்து போய், நேரா இந்தக் குகைக்குள்ளயா நுழையணும்?

தோலா: தண்ணி எங்க இழுக்குதோ அங்கதான் போவும். அது தப்பில்ல. உள்ள போய் எடுத்துட்டு வந்துரலாம், அரை மணி நேரம் இருக்குன்னு சொன்னது யாரு? நான். இருபது வருஷமா இந்தக் கடல்ல ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறேன். அரை மணி நேரம் இல்ல புள்ள. பத்து நிமிஷம்கூட இல்ல.

ரம்லி: நீயும் இவளும் ஒழுங்கா வந்தீங்கல்ல? மல்லாக்கப் படுத்துக்கிட்டு, மூக்கு உரசாம. கூரையில கை வச்சுத் தள்ளினா வேகமா போலாம்னு தலையைத் தூக்கினது நான். அப்பப் பாத்து வெளிய எவனோ பெரிய படகை முறுக்கிக்கிட்டுப் போனான்... அலை வந்து கயாக்கைத் தூக்குச்சு. மேல சிப்பிப் பாறை. அதுக்கு நீ என்ன பண்ணுவே?

தோலா: நான் முங்கிப் போறேன்.

சுரைதா: எங்க?

தோலா: குகை வழியா வெளிய. முப்பது மீட்டர்தானே. நாம தங்கியிருக்கிற கரையில இன்னொரு கயாக் கிடக்கு. அதைத் தள்ளிக்கிட்டு பெரிய தீவுக்குப் போனா ஆஸ்பத்திரிப் படகு...

சுரைதா: அண்ணே வேணாம். கும்மிருட்டு.

ரம்லி: மச்சான், கிறுக்குத்தனம் பண்ணாதே.

தோலா: மூச்சு பிடிக்கறதுல என்னை ஜெயிக்க நம்ம ஊர்ல ஆள் கிடையாது. விளக்கை அணைச்சு வை, பேட்டரி வேணும். நீ அவன் தலையை மடியில வச்சுக்கோ. அசையவிடாதே.

சுரைதா: அண்ணே... அண்ணே! போயிட்டான்...

ரம்லி: எண்ணு.

சுரைதா: எண்ணறேன்... பன்னெண்டு... பதிமூணு...

ரம்லி: பாரு... அவன் போன வழியெல்லாம் தண்ணி மின்னுது. கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி... பச்சையா...

சுரைதா: நாப்பது... நாப்பத்தொண்ணு... அல்லாவே... அம்பது...

ரம்லி: அழாம எண்ணு.

சுரைதா: எழுபது... எழுபத்தி... அண்ணே! இந்தா, கையைப் பிடி! பிடிச்சுக்கோ! துப்பு... துப்பு தண்ணியை...

தோலா: முடியல... நடுவுல வளையுது... மேல எது கீழ எதுன்னே... ஹா... தலையில எங்கயோ இடிச்சு... திரும்பறதுக்குள்ள...

சுரைதா: இன்னொரு தடவை போனே, நானும் பின்னாலயே குதிச்சிருவேன். சத்தியமா சொல்றேன்.

தோலா: அதுல பாதி தூரம்கூடப் போகல புள்ள...

ரம்லி: ஊர்லயே ஆள் கிடையாதுன்னே?

தோலா: சும்மா இரு மாப்ளே.

ரம்லி: சுரைதா... நம்ம மக நாதியாவுக்கு அந்தப் பல்லு விழுந்துருச்சா?

சுரைதா: முந்தாநாள்தான் ஆடுதுன்னா. உங்க அக்கா வீட்டுல எல்லார்கிட்டயும் ஆட்டி ஆட்டிக் காட்டிக்கிட்டிருப்பா.

ரம்லி: எனக்குக் காட்டாம எறிஞ்சுரக் கூடாதுன்னு சொல்லு.

சுரைதா: நீங்களே சொல்லுங்க. நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்குத்தானே போறோம்.

ரம்லி: சொல்றேன்... குளுருது. உங்களுக்குக் குளுரலயா?

தோலா: காலை இப்படி என் பக்கம் நீட்டு. நம்ம ரெண்டு கயாக்கையும் சேத்துத்தானே கட்டியிருக்கு. நான் தேய்ச்சு விடறேன்.

ரம்லி: மச்சான் கையால காலைப் பிடிக்க வச்சுட்டேன்... ஊர்ல சொல்லணும்...

தோலா: சொல்லு, சொல்லு.

ரம்லி: காலையில அந்தம்மாவுக்குக் கஞ்சி வைக்கிறப்ப...

சுரைதா: ம்?

ரம்லி: இஞ்சி... நிறைய போட்டா அவங்களுக்கு...

சுரைதா: போட்டா? அவங்களுக்கு என்ன? ஏங்க...?

தோலா: என்ன சொல்றான்?

சுரைதா: ...

தோலா: சுரைதா, என்ன சொல்றான்?

சுரைதா: தூக்கம் வருதாம்.

தோலா: தூங்கவிடாதே! தட்டு!

சுரைதா: தட்டறேன்... என்னங்க... ஏங்க... இங்க பாருங்க...

தோலா: என்ன?

சுரைதா: 'ம்'ங்கிறாரு.

தோலா: எனக்குக் கேக்கலயே.

சுரைதா: மெதுவாத்தான் சொன்னாரு. உன் காதுலதான் தண்ணி போயிருக்கே.

தோலா: விளக்கைப் போடு. மூஞ்சியைப் பாக்கறேன்.

சுரைதா: வேணாம் அண்ணே. கண்ணு கூசுதாம். பேட்டரியும் போயிரும். வெளிய போறப்ப விளக்கு வேணும்ல?

தோலா: ...சரி.

சுரைதா: நீ தேய்ச்சுக்கிட்டே இரு.

தோலா: தேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

சுரைதா: வவ்வாலெல்லாம் கிளம்பிருச்சு. மேல பாரு, எவ்வளவு...

தோலா: பழம் தேடிப் போகுதுங்க. விடியறப்பத்தான் திரும்பும்.

சுரைதா: ...

தோலா: என்ன முணுமுணுக்கிறே?

சுரைதா: ஓதுறேன். தண்ணி சீக்கிரம் இறங்கணும்னு.

தோலா: ...நானும் ஓதிக்கறேன்.

சுரைதா: அண்ணே, ஏதாவது பேசு. இவரு கேட்டுக்கிட்டு இருக்காரு.

தோலா: என்ன பேச?

சுரைதா: ஏதாவது. இந்த இருட்டுல சும்மா இருக்காதே.

தோலா: மாப்ளே... நீ பொண்ணு கேட்டு எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தியே, ஒரு பெரிய சீலா மீனைத் தோள்ல போட்டுக்கிட்டு... நானே தூண்டில் போட்டுப் பிடிச்சேன்னு எங்க அத்தா கிட்ட அளந்துவிட்டியே... ஞாபகம் இருக்கா?

சுரைதா: எனக்குத் தெரியாதே இது!

தோலா: அது என் வலையில விழுந்த மீன். காலையில சந்தையில நான்தான் வித்தேன். வாலுல என் கத்தி பட்ட வெட்டு அப்படியே இருந்துச்சு.

சுரைதா: அத்தா கிட்ட நீ சொல்லவே இல்லயே!

தோலா: சொல்லியிருந்தா உன்னைக் குடுத்திருப்பாரா? நான் வாயை மூடிக்கிட்டு ரெண்டு துண்டு அதிகமாத் தின்னேன்.

சுரைதா: ...சிரிக்கிறாரு அண்ணே.

தோலா: சிரிக்கிறானா?

சுரைதா: ம். உதட்டுக்குள்ளயே.

தோலா: ...வலிக்கப் போகுது. சிரிக்காதேன்னு சொல்லு.

சுரைதா: சொல்றேன். என்னங்க... அண்ணன் சொல்லுது பாருங்க... நாதியா பல்லு விழுந்தா பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லிடுவோம். நீங்க வந்து பாக்கற வரைக்கும் எறியக் கூடாதுன்னு... ஒரு சின்ன டப்பாவுல பஞ்சு வச்சு... சரியா?

தோலா: என்ன சொல்றான்?

சுரைதா: சரிங்கிறாரு.

தோலா: ம்.

சுரைதா: மணி என்ன?

தோலா: பதினொன்னு ஆகப் போகுது. ஏற்றம் நின்னுருச்சு. இந்தக் கண்டல் மரத்து வேர்ல கை வச்சுப் பாத்தேன். ஈரம் மட்டும் மேல இருக்கு.

சுரைதா: இன்னும் ரெண்டரை மணி நேரம்...

தோலா: சுரைதா... நான் இன்னொரு தடவை முங்கிப் பாக்கட்டா?

சுரைதா: எதுக்கு?

தோலா: அவனுக்கு டாக்டர் வேணும்ல.

சுரைதா: வேணாம். நல்லா இருக்காரு. உடம்பு சூடாயிருச்சு. நெத்தி வேர்க்குது.

தோலா: வேர்க்குதா?

சுரைதா: ஆமா. நீ அசையாதே. அந்தத் தண்ணியைப் பாக்காதே. என்னைப் பாரு.

தோலா: இருட்டுல உன்னை எங்க பாக்க?

சுரைதா: அப்ப என் கையைப் பிடிச்சுக்கோ. விட்டேன்னா பாரு.

தோலா: நான்தானே சொன்னேன் புள்ள... அரை மணி நேரம் இருக்குன்னு...

சுரைதா: போதும். அவரே உன் மேல தப்பில்லன்னு சொல்லிட்டாரு. நீ கேட்டேல்ல? உன் காதால கேட்டேல்ல?

தோலா: கேட்டேன்.

சுரைதா: அப்புறம் என்ன? பை பத்திரமா இருக்கா?

தோலா: இருக்கு.

சுரைதா: காலையில அந்தம்மா கையில குடுக்கணும். அதுக்குத்தான் வந்தோம். நீ இருந்தாத்தான் குடுக்க முடியும். கரையில நாம கூட்டிட்டு வந்த நாலு பேரும் நம்மளைக் காணோம்னு என்ன பாடு படுறாங்களோ...

தோலா: ஒருத்தராவது அவங்களோட இருந்திருக்கணும்.

சுரைதா: திரும்பறப்ப அந்தக் கயாக்கை ஓட்ட ஆள் வேணுமேன்னு நான்தான் ஏறினேன். விடு. இன்னொரு மீன் கதை சொல்லு.

தோலா: எனக்கு வேற கதை தெரியாது.

சுரைதா: அதையே மறுபடி சொல்லு.

தோலா: ...ஒரு பெரிய சீலா மீன்...

சுரைதா: ம்.

தோலா: தோள்ல போட்டுக்கிட்டு வந்தான்...

சுரைதா: சொல்லு அண்ணே. நிறுத்தாதே.

தோலா: கேக்குதா?

சுரைதா: என்னது?

தோலா: 'களக் களக்'னு. குகை வாய் மூச்சு விடுது. காத்து உள்ள வருது.

சுரைதா: மணி?

தோலா: ஒண்ணே கால். இடம் விட்டுருச்சு. ஒரு முழம் இருக்கும். போதும். நான் முன்னாடி போறேன். உங்க கயாக் என் கயித்துல வரட்டும். அந்தக் காலிக் கயாக் இங்கயே கிடக்கட்டும், பகல்ல எடுத்துக்கலாம். நீ மல்லாக்கப் படு. அவனையும் படுக்கச் சொல்லு.

சுரைதா: படுத்துத்தான் இருக்காரு.

தோலா: மூஞ்சியை ஒரு பக்கமாத் திருப்பிக்கச் சொல்லு. சிப்பி கிழிச்சிரும்.

சுரைதா: நான் என் கையை மேல வச்சுக்கறேன்.

தோலா: கை போயிரும் புள்ள.

சுரைதா: போவட்டும்.

தோலா: பிஸ்மில்லா... வா. மெதுவா. மாப்ளே, இந்த இடத்துல தாழ்வா இருக்கு. தலையைத் தூக்காதே... இந்தத் தடவை தூக்காதே.

சுரைதா: ...ஸ்ஸ்...

தோலா: கையா?

சுரைதா: ஒண்ணுமில்ல. இழு.

தோலா: வளைவு வருது... இங்கதான் நான் திரும்பினேன்... வந்தாச்சு... காத்து பாரு... வந்தாச்சு புள்ள, கடல்!

சுரைதா: கரையில நெருப்பு எரியுது.

தோலா: தூங்கவே இல்ல போல. நாலு பேரும் தண்ணி ஓரத்துல நிக்கறாங்க. விளக்கைப் போடு. நாம வர்றது தெரியட்டும்.

சுரைதா: வேணாம் அண்ணே.

தோலா: போடு சுரைதா. பாறைன்னு நெனச்சுக்கிட்டு நிக்கறாங்க.

சுரைதா: போட்டா நீ இவரைப் பாத்துருவே அண்ணே. இவரு போய் ரொம்ப நேரமாச்சு. இஞ்சின்னு சொன்னாரே... அந்தப் பேச்சோட சரி. அதுக்கப்புறம் இவரு சொன்னதெல்லாம் நான் சொன்னது. தெரிஞ்சா நீ மறுபடி அந்தத் தண்ணிக்குள்ள போயிருப்பே... டாக்டரைக் கூப்பிட இல்ல. திரும்பி வராம இருக்க. இவரை மடியில வச்சுக்கிட்டு உன்னையும் எங்க போய்த் தேடுவேன்? அதான்... என்னை மன்னிச்சிரு அண்ணே.

தோலா: எனக்குத் தெரியும் புள்ள. காலு என் கையிலதானே இருந்துச்சு... தேய்க்கத் தேய்க்க விறைச்சுப் போச்சு. நீ 'சிரிக்கிறாரு'ன்னே. விடியற வரைக்குமாவது உனக்குப் புருஷன் இருக்கட்டும்னு நானும் அவன்கூடப் பேசிக்கிட்டே வந்தேன்.