கழற்றிய நட்

ஈர மண்ணின் வாசம் எனக்குப் பிடிக்கும். கெலிஓயாப் பக்கம் மழை பெய்து ஓய்ந்தபின் வேலைக்குப் போவது ஒரு வரம் என்றுதான் இருபத்தாறு வருடமும் நினைத்திருக்கிறேன். ஆனால் ஈர மண்ணில் சோதனை செய்யமாட்டேன். ஈரம் மீட்டரிடம் நல்ல வார்த்தை சொல்லும். மண் காய்ந்ததும் வார்த்தை மாறும்.

என் தொழிலைக் கேட்டீர்கள். வீடுகளின் வயரிங் விதிப்படி இருக்கிறதா என்று அளந்து சான்றிதழ் கொடுப்பது. பெயர் விவேகானந்தன். வெள்ளிக்கிழமைகளில் விரதம். பொய் எழுதியதில்லை.

செல்லச்சாமி வயரிங் வேலை செய்பவர். தன் வீட்டைப் பெருப்பித்து, புது வயர் இழுத்து, சான்றிதழுக்கு என்னை அழைத்தார். மண்ணில் இறக்கிய எர்த் கோலின் அளவு பத்து ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். மீட்டர் நான்கு காட்டியது. மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எர்த் கோலைச் சுற்றி மட்டும் மண் நனைந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சோதிப்பவர் வருமுன் உப்புத் தண்ணீர் ஊற்றி அளவை இறக்குவது பழைய வித்தை. சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பிலிமத்தலாவையில் முஹைதீனின் மின்சாமான் கடையில் செல்லச்சாமியைக் கண்டேன். கடை நிறைய ஆட்கள்.

"வாங்கய்யா. மீட்டர் பாக்க வந்து என் வீட்டு மண்ண நக்கிட்டுப் போனவரு இவருதான். வீட்டுக்கும் கொஞ்சம் பொட்டணம் கட்டித் தரவா?"

முஹைதீன்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து நான் 'மண்நக்கி ஐயா'. கோயிலில் திருநீற்றுக்குக் கை நீட்டியபோது, "வாயில போட்டுறாதீங்க" என்றார் ஒருவர். நான் கோபப்படவில்லை. செல்லச்சாமி பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்வித்தேன்.

இரண்டாம் முறை போனபோது அவர் இன்னொரு கோலை ஒழுங்காக இறக்கியிருந்தார். அவருடைய மனைவி மூக்காயி இஞ்சித் தேநீர் கொண்டுவந்தார்.

"அவரு வாய் அப்புடித்தாங்க ஐயா. மனசுல வச்சுக்காதீங்க. இந்த பிரிட்ஜத் தொட்டாத்தான் எனக்குக் கை விறுவிறுங்குது."

செல்லச்சாமி உள்ளேயிருந்து சொன்னார்: "பழைய பிரிட்ஜ். அதால ட்ரிப் சுவிட்ச் விழுந்துகிட்டே இருக்கு. நீங்க கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க, அதத் தாண்டி நான் ஒரு வயர இழுத்துக்கிறேன்."

கசிவு கண்டதும் மின்சாரத்தை வெட்டுவது ட்ரிப் சுவிட்ச். அதைத் தாண்டி வயர் இழுத்த வீட்டில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோக எர்த் வயர் ஒன்றுதான் மிச்சம். அது அவருக்கும் தெரியும். ஆகையால்தான் துணிந்து சொன்னார்.

கோலை அளக்க, அந்த வயரைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். அளவு ஏழு. ஏழு என்றே எழுதினேன். அளந்தபின் வயரைத் திரும்பப் பூட்ட வேண்டும். நான் கோல் இருக்கும் குழியின் மூடியை மூடினேன். வயரைப் பூட்டும் நட் என் சட்டைப்பையில் இருந்தது. இப்போது உங்கள் மேசையில் இருப்பது அதுதான். மறந்துபோனதாக என் வக்கீல் சொல்வார். இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு நட்டையும் மறந்ததில்லை.

மூன்றாம் நாள் பகல், சொன்ன வயரை இழுத்துவிட்டுச் செல்லச்சாமி தெல்தெனியவில் வேலையில் இருந்தார். வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மூக்காயி ஈரக் காலோடு பிரிட்ஜைத் திறந்தார். அந்தக் கதவைத் திறக்கும் கை அவருடைய கணவரின் கையாக இருக்கும் என்றே நினைத்திருந்தேன். செத்தவீட்டுக்குப் போய் செல்லச்சாமியின் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரை மன்னித்துவிட்டேன்.

இரண்டாம் முறை போன அன்று, சான்றிதழைக் கொடுத்து வெளியே வந்தபோது மூக்காயி வாசல்வரை வந்தார்.

"இனிமே பிரிட்ஜத் தொடலாங்களா ஐயா?"

"தொடலாம் தங்கச்சி. பயப்பிடாதேங்கோ."

அதை நான் எங்கும் எழுதவில்லை. பொய் எழுதியதில்லை என்று முதலிலேயே சொன்னேன்.