எண்பத்தேழாவது கதிரை

இன்றைய விழாவுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் சிவகௌரி அம்மையார் அவர்களே! முன்வரிசையை முழுமையாய் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் கையில் போனுமாய் மகிழ்ந்திருக்கும் தாய்மார்களே! ஒலிபெருக்கியை ஓயாமல் அலறவைக்கும் தம்பி பிரணவன் அவர்களே! எங்கள் கோப்பாய்ச் சனசமூக நிலையத்தின் தலைவர் தில்லைநாதனாகிய என் தலைதாழ்ந்த வணக்கம்!

இது வரவேற்பு விழா. கொழும்பு வெள்ளவத்தையின் ஆறாம் மாடியைத் துறந்து, இந்தச் செம்மண்ணை விரும்பி, தம்பி கோபிசங்கர் ஊர் திரும்பியிருக்கிறார். மனைவி லவீனா, பிள்ளைகள் இருவர், ஆக நால்வர்! கைதட்டுங்கள்!

பொறுமப்பா, சொல்லுறன்! முன்வரிசையில் என் இல்லத்தரசி குணலட்சுமி, "இஞ்சாருங்கோ, விசயத்தைச் சொல்லுங்கோவன்" என்கிறார். எனக்கு இன்று இந்த மேடையில் ஒப்புக்கொள்ளவேண்டிய காரியம் ஒன்று உண்டு. பயமாக இருப்பதால் சுற்றிவளைத்துத்தான் வருவேன்.

பெருமக்களே! யார்தான் இருந்த இடத்தில் இருக்கிறார்கள்? கரவெட்டியார் ரியூசன் வகுப்புக்காக யாழ்ப்பாண நகருக்கு வருகிறார். நகரத்தார் வேலைக்காகக் கொழும்புக்குப் போகிறார். கொழும்பார் காற்றுக்காகக் கோப்பாய்க்கு வருகிறார். கோப்பாயார் அமைதி தேடிக் கரவெட்டியில் வீடு பார்க்கிறார்! வீடு மாறாதவர் கொழும்புக்குப் போகும் வழியிலுள்ள முறிகண்டிப் பிள்ளையார் ஒருவர்தான். போகிறவரும் அவருக்குத் தேங்காய் உடைக்கிறார், வருகிறவரும் உடைக்கிறார்.

இந்தச் சுழலைத் தடுக்கப் பத்து வருடத்துக்கு முன் நான் ஒரு சட்டம் போட்டேன். கொழும்புக்குக் குடிபோகிறவர் நிலையத்துக்கு வருகிறவர்கள் உட்கார ஒரு பிளாஸ்ரிக் கதிரை தரவேண்டும். அதன் முதுகில் 'உபயம்' என்று தன் பெயர் எழுதவேண்டும். நான் மேடையில் நின்று ஏச, தலைகுனிந்து கேட்கவேண்டும். பயத்தில் ஒருவரும் போகமாட்டார்கள் என்று நினைத்தேன். நடந்தது என்ன? கதிரை எண்பத்தாறு! இங்கே ஆட்கள் முப்பத்தொன்று! ஆளுக்கு இரண்டு கதிரையில் இருந்தாலும் இருபத்துநான்கு மிஞ்சுகிறது!

அதில் ஒன்று கோபிசங்கருடையது. வந்து இறங்கியதும் கேட்டார்: "அண்ணை, நான் திரும்பி வந்திட்டன். என்ரை கதிரையைத் தருவியளோ?" நிர்வாகக் குழு மூன்று மாலை கூடி ஆராய்ந்தது. கதிரையைத் தரமுடியாது, வந்து இருக்கலாம் என்று தீர்ப்பானது. அந்தா, மூன்றாம் வரிசையில் தன் பெயரிலேயே சாய்ந்திருக்கிறார்.

ஓம், ஓம், கேக்குது! "மேடையிலை பேப்பர் சுத்தின கதிரை ஆருடைய?" என்கிறார் பொன்னம்பலம் அண்ணை. சரி, கிழிக்கிறேன். வாசியுங்கள்! உபயம்: தில்லைநாதன், குணலட்சுமி!

சத்தம் போடாதீர்கள்! நாளை நாங்கள் கொழும்புக்குப் போகிறோம். அங்கே இருக்கும் மகள் தனுசியாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். போனவாரம் போனில் அழுதாள். "அப்பா, ஆறு மாசமா நான் நிண்டுகொண்டுதான் சாப்பிடுறன்" என்றாள். எண்பத்தாறு கதிரைகளின் தலைவன் நான். என் பிள்ளை நின்றுகொண்டு சாப்பிடுகிறாள்! என்னால் தாங்கமுடியவில்லை.

என்ன பொன்னம்பலம் அண்ணை? "போன ஆக்களை ஏசின ஏச்சை உங்களுக்கும் ஏசுங்கோ!" நியாயம்! மண்ணை மறந்தவனே! மயிலிட்டி மீனைத் தின்று வளர்ந்து மாடிவீட்டுக்கு மயங்கியவனே! தில்லைநாதா, வெட்கமில்லையா உனக்கு?

தலைகுனிந்து கேட்டுவிட்டேன். கேட்கும்போதுதான் உறைத்தது. எண்பத்தாறு பேரையும் ஏசினேனே, ஒருவரையாவது ஏன் போகிறாய் என்று கேட்டேனா? யாருடைய தாய்க்கு நோய் வருத்தமோ, யாருடைய பிள்ளை தனியோ, நான் அறியேன். போனவர்கள் எல்லோரிடமும் இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆகவே, என் சட்டத்தை நானே உடைக்கிறேன். எண்பத்தேழாவது கதிரை நிலையத்துக்கு இல்லை! நாளைக் காலை லொறியில் அதையும் ஏற்றப்போகிறேன். தனுசியா வீட்டில் கதிரை இல்லையா என்று கேட்பீர்கள். நாலு இருக்கிறது. அவள் கையிலிருந்து பிள்ளைகளை வாங்கிக்கொண்டு "இருந்து சாப்பிடு, பிள்ளை" என்று சொல்லத்தான் ஆளில்லை.

இருந்தவர்களுக்கு நன்றி, போனவர்களுக்கு நன்றி, வந்த நால்வருக்கு வாழ்த்து. போயிட்டு வாறம், வணக்கம்! தம்பி பிரணவன், மைக்கை விடும். இந்தக் கதிரையில் ஒரு பக்கம் பிடியும்.