எண்ணெய் காயாத பக்கம்

டிரைவர்: ...இந்தப் பந்து வேணாம். எதுக்கு இவ்வளவு பளபளப்பு? இதைப் பார்த்து ஷேவ் பண்ணிக்கலாம்போல இருக்கு.

கடைக்காரர்: சார், ஞாயித்துக்கிழமை உங்க பவுலிங் ஆட்டத்துக்கு இந்தப் பளபளப்புதான் சரி. நான் சொல்றதைக் கொஞ்சம்...

டிரைவர்: நீங்க என்ன சொல்றது? ரிட்டயர் ஆகற வரைக்கும் பஸ் ஓட்டினவன் நான். ரோட்டைப் பார்த்து டயர் மாட்டணும், பந்து உருளற மரத்தளத்தை, அந்த லேனைப் பார்த்துப் பந்து எடுக்கணும். லேன்ல எண்ணெய் நிறைய பூசியிருந்தா சொரசொரப்பான பந்து. இல்லன்னா மழையில மொட்டை டயர் மாதிரி, வளையவே வளையாது. நேரா வழுக்கிட்டுப் போயிடும். எண்ணெய் காஞ்சிருந்தா வழவழப்பான பந்து. சரியா?

கடைக்காரர்: நூத்துக்கு நூறு சரி. அதனாலதான் சொல்றேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம்...

டெய்லரம்மா: ஏங்க, அவரைப் பேச விடுங்களேன். பாவம், வாயைத் திறக்கறதும் மூடறதுமா நிக்கறார்.

டிரைவர்: நீ சும்மா வேடிக்கை பாரு. இது ஊசி நூல் சமாச்சாரம் இல்ல.

டெய்லரம்மா: ஆமாமா... எனக்கு என்ன தெரியும். வந்த இடத்துல நாற்காலி கிடைச்சுது, உக்காந்திருக்கேன்.

கடைக்காரர்: யாரோட ஆட்டம் சார்?

டிரைவர்: இவ தம்பியோட. ஜோடி ஆட்டம், ரெண்டு பேருக்கு ரெண்டு பேர். தோத்தவன் ஒரு வருஷத்துக்கு ஜெயிச்சவங்க பந்துப் பையைத் தூக்கணும். போன தடவை தோத்துட்டேன். கடைக்காரரே, என் மச்சான் பையில என்னென்ன இருக்கும் தெரியுமா? பந்தே மூணு. அது மேல ஷூ, துண்டு, தண்ணி பாட்டில், ஒரு சீப்பு வாழைப்பழம். தூக்கித் தூக்கி என் ஒரு தோள் முழங்கால் வரைக்கும் இறங்கிடுச்சு.

டெய்லரம்மா: முழங்கால் வரைக்குமா?

டிரைவர்: கொஞ்சம் மேல. நேத்து நீயே டேப் வெச்சு அளந்தியே, பார்க்கலை? ஆமா, எதுக்கு அளந்தே? ஜெயிச்சா போட்டுக்கப் புதுச் சட்டையா?

டெய்லரம்மா: ஆட்டம் முடியட்டும். தானா தெரியும்.

கடைக்காரர்: உங்க ஜோடி அந்த போஸ்ட்மேன்தானே சார்?

டிரைவர்: அவர் மகள் வீட்டுக்குப் போயிட்டார். இந்தத் தடவை புது ஆள். பேர் இப்போ சொல்லமாட்டேன்.

டெய்லரம்மா: என் தம்பியும் யாரோ புது ஆளைப் பிடிச்சிருக்கானாம். அவனும் பேரைச் சொல்ல மாட்டேங்கறான்.

டிரைவர்: எவனா இருந்தா எனக்கென்ன. என் ஆள் வந்து நின்னா, பந்து போறதுக்கு முன்னாடியே லேன் கோடியில நிக்கற பத்துப் பின் கட்டையும் மரியாதையாப் படுத்துக்கும்.

கடைக்காரர்: அப்படியா... சரி, உங்க பழைய பந்தைக் கொடுங்க, விரல் ஓட்டை அளவு பார்த்துக்கறேன். ம்... சார், இதை உருட்டறது நீங்க மட்டும்தானா?

டெய்லரம்மா: வேற யாரு உருட்டுவா?

கடைக்காரர்: இல்லம்மா, எண்ணெய்த் தடத்தைப் பாருங்க. வலது கைக்காரங்க உருட்டினா இந்த வளையம் கட்டைவிரல் ஓட்டைக்கு இடது பக்கம் விழும். இதுல வலது பக்கமும் விழுந்திருக்கு. யாரோ இடது கைக்காரங்க...

டெய்லரம்மா: துடைச்சுடுங்க. எண்ணெய்தானே. பார்க்கவே நல்லா இல்ல.

டிரைவர்: அது நான்தான் கடைக்காரரே. போரடிச்சா இடது கையால உருட்டுவேன். சில நாள் கண்ணை மூடிட்டு.

டெய்லரம்மா: ம்... ஆமா. கண்ணை மூடிட்டு.

கடைக்காரர்: சரிதான்... எந்த லேன் கொடுத்திருக்காங்க?

டிரைவர்: ஏழு.

கடைக்காரர்: அதைத்தான் சொல்ல வர்றேன். ஏழுல காலையிலேர்ந்து ஆட்டம். ஆடறவங்க எல்லாரும் வலது கை. ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் கொஞ்சம் எண்ணெயை எடுத்துட்டுப் போயிடும். சாயங்காலம் உங்க முறை வரும்போது வலது பக்கம்...

டெய்லரம்மா: காஞ்சு கிடக்கும். இடது பக்கம்தான் பூசின எண்ணெய் பூசினபடி இருக்கும். அதுலயும் ஏழுல, பின்னுக்குக் கிட்ட போற வரைக்கும் வழுக்கும்.

கடைக்காரர்: அம்மாவுக்கு எப்படி...

டெய்லரம்மா: ...பஸ் ஸ்டாப்புல யாரோ பேசிட்டிருந்தாங்க.

டிரைவர்: எனக்குத் தெரியாத பஸ் ஸ்டாப்பா? ஒருத்தரும் என்கிட்ட இதைப் பேசினதில்லையே.

டெய்லரம்மா: நீங்க எங்க நின்னு கேட்டீங்க. ஹாரன் அடிச்சுட்டே போயிட்டீங்க.

டிரைவர்: அதை விடு. கடைக்காரரே, அந்த மூலையில கருப்பா ஒண்ணு இருக்கே, அதை எடுங்க. ஆங்... இதான் பந்து. தொட்டாலே கையைப் பிடிக்குது.

கடைக்காரர்: இந்தக் கடையிலேயே சொரசொரப்பு அதிகமானது இதுதான். காஞ்ச பக்கத்துல நீங்க இதை உருட்டினா, பாதி வழியிலேயே வளைஞ்சு ஓரப் பள்ளத்துல விழும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் சார்.

டிரைவர்: எனக்கு இதான் வேணும்.

கடைக்காரர்: தோத்துடுவீங்க சார்.

டிரைவர்: இதுல ஓட்டை போடுங்க.

கடைக்காரர்: ...உங்க இஷ்டம். கையை நீட்டுங்க, விரல் அளவு எடுக்கறேன்.

டிரைவர்: நான் எதுக்கு நீட்டணும்? இந்தா, நீ வா இங்க. கையை நீட்டு. அந்தக் கை இல்ல. இடது கை.

டெய்லரம்மா: என் கையா? எதுக்கு?

டிரைவர்: நீட்டும்மா. அவருக்கு வேற வேலை இல்லையா?

டெய்லரம்மா: எப்போ தெரியும்?

டிரைவர்: போன மாசம் என் கட்டைவிரல் ஓட்டைக்குள்ள போகமாட்டேன்னுது. விரல் வீங்கிடுச்சுன்னு டாக்டர்கிட்ட ஓடினேன். அவர் ரத்தத்தை எடுத்தார், படம் எடுத்தார், உதட்டைப் பிதுக்கினார். விரல் போச்சுன்னு நான் இடது கையால கையெழுத்துப் போட்டே பழக ஆரம்பிச்சுட்டேன். அப்புறம்தான் டார்ச் அடிச்சு ஓட்டைக்குள்ள பார்த்தேன். உள்ள ஒரு துணி. ஓரமெல்லாம் பல்லுப் பல்லா வெட்டின துணி. அப்படி வெட்டற கத்தரி நம்ம தெருவுல யார்கிட்ட இருக்கு?

டெய்லரம்மா: என் விரலுக்கு ஓட்டை தொளதொளன்னு இருந்துது. கொஞ்சம் உள்ள பிடிச்சேன்... எடுக்க மறந்துட்டேன்.

டிரைவர்: மறுநாள் மார்க்கெட்டுக்குன்னு கிளம்பினே. பின்னாடியே வந்தேன். இங்க லேன் பக்கத்துத் தூணுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். நீ உருட்டின பந்து ஓரமாவே போய், பள்ளத்தை எட்டிப் பார்த்துட்டு, ஒரு வளைவு வளைஞ்சுது பாரு... பத்துப் பின்னும் விழுந்த சத்தத்துல என் பல்செட்டு ஆடிப்போச்சு.

டெய்லரம்மா: பார்த்துட்டு ஏன் ஒண்ணும் சொல்லலை?

டிரைவர்: எந்த முகத்தை வெச்சுட்டுச் சொல்றது? இத்தனை வருஷமா ஊசி நூல்னு கேலி பண்ணினேன். ஒரு நாளாவது வா, நீயும் ஆடுன்னு கூப்பிட்டேனா? அதான்... உன் கைக்குன்னு ஒரு பந்து வாங்கிக் கொடுத்துட்டுக் கூப்பிடலாம்னு.

கடைக்காரர்: அம்மா, விரலை அசைக்காதீங்க. கண்ணை அப்புறம் துடைச்சுக்கலாம்... ஆச்சு. மெஷின்ல போடறேன். கொஞ்சம் சத்தமா இருக்கும்.

டிரைவர்: போடுங்க, போடுங்க. என் ஜோடிக்குப் பந்து தயாராகுது. மச்சான் என் பையைத் தூக்கப் போறான். நான் மூணு பந்தோட நிறுத்த மாட்டேன், உள்ள ரெண்டு செங்கல்லும் வைப்பேன்.

டெய்லரம்மா: ஏங்க...

டிரைவர்: சொல்லு.

டெய்லரம்மா: இருங்க, மெஷின் சத்தம் நிக்கட்டும்... ஓட்டை எல்லாம் போட்டாச்சா?

கடைக்காரர்: மூணும் போட்டாச்சும்மா. இந்தாங்க.

டெய்லரம்மா: ஆகா, கைக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. சரி, இப்போ சொல்றேன். என் தம்பி ஒரு புது ஆளைப் பிடிச்சிருக்கான்னேனே...

டிரைவர்: ...இல்ல.

டெய்லரம்மா: என்னைப் போன மாசமே கேட்டுட்டான். நானும் சரின்னுட்டேன்.

டிரைவர்: இல்ல இல்ல. கடைக்காரரே, அந்த ஓட்டையை அடைங்க.

கடைக்காரர்: அடைக்கலாம் சார். பந்து அம்மா கையில இருக்கு. வாங்கிக் கொடுங்க பார்ப்போம்.

டிரைவர்: ஐயோ, பளபளப்பு வேணாம், இதான் வேணும்னு சண்டை போட்டு என் வாயாலேயே வாங்கினேனே.

டெய்லரம்மா: ஏன் சிரிக்கிறீங்க?

டிரைவர்: சிரிக்காம? தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு பார்த்ததை இனிமே எதிர்ல நின்னு பார்க்கலாம். கடைக்காரரே, நீங்க வலது கைதானே? ஞாயித்துக்கிழமை கடையை மூடுங்க, என் ஜோடி நீங்கதான். முதல்ல அந்தப் பளபளப்புப் பந்தை எடுங்க.

கடைக்காரர்: இதை நான் முதல்லயே சொன்னேன் சார்.

டிரைவர்: ம்... தோத்தாலும் ஒரு புதுச் சட்டை மிச்சம். தோளை அளந்தியே.

டெய்லரம்மா: அது சட்டைக்கு இல்லங்க. என் பந்துப் பைக்கு வார் தைக்க. ஒரு வருஷம் தூக்கப் போறீங்க, தோள் இறங்கிடக் கூடாதில்ல.